அரை டேங்க் டீசல்

அடுத்தவர் எழுதியதை எழுத்துப் பிசகாமல் எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இப்படிப்பட்டவன் எழுத்துத் திருட்டைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பீர்கள். கசாப்புக் கடைக்காரர் ஜீவகாருண்யம் பேசுகிறார் என்று என் மனைவி ஏற்கெனவே சொல்லிவிட்டாள். உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே கதையைக் கேளுங்கள்.

கடையை ஒரு பிளைவுட் தடுப்பு இரண்டாகப் பிரிக்கிறது. இந்தப் பக்கம் என் இரண்டு மெஷின்கள். அந்தப் பக்கம் தங்கச்சியின் தையல் மெஷின். கூடப் பிறந்தவள் இல்லை. பாதி இடம் கேட்டு வந்த அன்றே ‘அண்ணா’ என்று கூப்பிட்டாள். அதற்கப்புறம் அவளுக்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தோன்றவில்லை.

அவள் புதுத் துணி தைப்பதில்லை. பிடித்துவிடுவது, பிரித்துவிடுவது, நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இதுதான் வேலை. தெருவில் யார் இளைக்கிறார்கள், யார் பெருக்கிறார்கள் என்பது டாக்டருக்குத் தெரியும் முன்பே அவளுக்குத் தெரியும். சொல்ல மாட்டாள். இடுப்பில் இஞ்ச் டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் லூஸா வெச்சுத் தரேன், சௌகரியமா இருக்கும்” என்பாள். குண்டாகிவிட்டாய் என்பதை இவ்வளவு நாகரிகமாகச் சொல்லும் ஆளை நான் பார்த்ததில்லை.

அவளிடம் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. பேண்ட் நீளத்தைக் குறைத்தால், வெட்டிய துணியை மடித்து, குண்டூசி குத்தி, பேண்ட்டோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். வாங்குகிறவர்கள் சிரிப்பார்கள். “ரெண்டு விரக்கடைத் துணிய வெச்சு நான் என்னம்மா பண்றது?” என்று ஒருவர் கேட்டார். “என்ன வேணா பண்ணுங்க சார். உங்க துணி” என்றாள். எதிர்த்தாற்போல் இன்னொரு தையற்கடையில் வெட்டிய துணிகளில் தலையணையே அடைத்து வைத்திருக்கிறார்கள். இவளுக்குப் பிழைக்கத் தெரியவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

அவள் கணவர் லாரி டிரைவர். ஆள் வரும் முன்னே குரல் வரும். லோடு இறக்கிவிட்டு வந்தால் என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, வரும் போகும் வாடிக்கையாளரை எல்லாம் வம்புக்கு இழுப்பார். அவருக்கு உலகத்தில் எல்லாமே வண்டி. என் தொந்தியைப் பார்த்து, “ஓவர்லோடு, போலீஸ் பிடிப்பான்” என்பார். சாப்பாட்டுக்கு அவர் வைத்த பெயர் டீசல். தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, “டீசல் ரெடியா?” என்று கேட்டால், தங்கச்சி டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும் என்று அர்த்தம்.

ஒரு நாள் அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தவள், மெஷினை நிறுத்திவிட்டுக் காலரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னம்மா?” என்றேன். “கழுத்து இப்படியா இளைக்கும் அண்ணா?” என்றாள். தொண்டையில் கட்டி. அதற்குக் கரண்டு வைத்தார்கள், கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கரண்டு வைக்க வைக்க வாயெல்லாம் புண்ணாகி, நாக்கில் ருசி செத்துப்போனது. எதைக் கொடுத்தாலும், “துருப் பிடிச்ச போல்ட்ட நக்குற மாதிரி இருக்கு” என்று துப்பினார். சாப்பிடாவிட்டால் அடுத்த கரண்டைத் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். எதுவும் இறங்கவில்லை.

பூசணிக்காய் இறங்கியது.

அன்று தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “அண்ணா, அவர் பூசணிக்காய்னு சொல்லிட்டார்!” என்று கத்தினாள். பரீட்சையில் பாஸான பிள்ளையைப் பற்றிச் சொல்வதைப் போலிருந்தது. வாயில் வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இது பூசணிக்காய்” என்றாராம். வாயில் வைத்த பண்டம் அந்தப் பண்டமாகவே தெரிந்தது பல வாரத்தில் அதுதான் முதல் தடவை.

இணையத்தில் ஒரு சமையல் குழுவில் அவள் இருந்தாள். மெஷினில் உட்கார்ந்தபடியே, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, அன்று அதில் எழுதினாள். எனக்கு அது மனப்பாடம். இப்படித்தான் எழுதியிருந்தாள்:

“பூசணிக்காயைத் தோலோட பெரிய துண்டா வெட்டி, எண்ணெய் இல்லாத கல்லுல ஓரம் கறுக்குற வரைக்கும் சுடுங்க. இது ஆஸ்பத்திரியில பக்கத்து பெட் அம்மா சொல்லிக் குடுத்தது. சதையை வழிச்சு, ஒரு உருளைக்கிழங்கு, ஒரு பிடி அரிசியோட குழைய வேக வைங்க. மிக்ஸியில அடிங்க. கொதிக்க வெச்ச மல் துணியில ரெண்டு தடவை வடிகட்டுங்க. வடிகட்டியில நார் தப்பிடும், துணியில தப்பாது. இது மட்டும் என் யோசனை. உப்பு வேணாம், புண்ணு எரியும். இது நர்ஸ் சொன்னது. வெண்ணெய் கொஞ்சம், வழுக்கிட்டு இறங்க. எங்க வீட்டுக்காரர் லாரி டிரைவர். இதுக்கு டீசல்னு பேர் வெச்சிருக்கார். இன்னிக்கு அரை டேங்க் குடிச்சார். குடிச்சு முடிச்சிட்டு ஸ்பூனால தட்டுல ஹார்ன் அடிச்சார்.”

ஒரு குழம்புக் கரண்டி அளவு சூப்புக்கு யார் யாருக்கு எந்தப் பங்கு என்று பாகப்பிரிவினையே எழுதியிருக்கிறாள். வெட்டிய துணியைத் திருப்பிக் கொடுக்கிற புத்தி வேறு எங்கே போகும்?

குழுவில் இருந்தவர்கள் தினமும் கேட்டார்கள், “அக்கா, அண்ணன் இன்னிக்கு எத்தனை டேங்க்?” தினமும் அவள் பதில் எழுதினாள். கால் டேங்க். அரை டேங்க். ஒரு நல்ல நாளில் முக்கால். “இன்னிக்கு ஹார்ன் அடிக்கல, கோவமா இருக்கார்.” “இன்னிக்கு பேச்சு வரல, ஆனா கட்டை விரலைக் காட்டினார்.” முழு டேங்க் என்று ஒரு நாளும் எழுதவில்லை. கேட்கிறவர்களின் சந்தோஷத்துக்காக ஒரு கால் டேங்க் கூட்டிச் சொன்னால் என்ன என்று நான் கேட்டேன். “அளவு தப்பாச் சொன்னா எப்படி அண்ணா?” என்றாள். இஞ்ச் டேப் பிடிக்கிறவளின் பதில்.

கடைசியாக வீட்டில் அவர் குடித்தது அரை டேங்க். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வரவில்லை.

குழுவில் அவள் அதை எழுதவில்லை. “அக்கா எங்கே?”, “அண்ணன் எப்படி இருக்கார்?” என்று கேள்விகள் வந்து வந்து, பிறகு அவையும் நின்றுபோயின. “ஒரு வரி போட்டுடும்மா, பாவம் கேக்கிறாங்க” என்றேன். போனை எடுத்தாள், ஒற்றை விரலை மேலே வைத்தாள், கீழே வைத்துவிட்டாள். வாயாலும் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. யாராவது கேட்டால், “அவர் இல்ல” என்பாள். கடைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்பதற்கும் அதைத்தானே சொல்வோம்.

சில மாதம் கழித்து, பக்கத்துத் தெரு டீச்சர் ஒரு ரவிக்கையைப் பிரித்துவிடக் கொண்டுவந்தார். மாமியாருக்கு வாயெல்லாம் புண், நல்லவேளையாக நெட்டில் ஒரு அம்மா எழுதியிருந்தது கைகொடுத்தது என்று போனை எடுத்துப் படித்துக் காட்டினார். “எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க பாருங்க. ‘எங்க வீட்டுக்காரர் லாரி டிரைவர். இதுக்கு டீசல்னு பேர் வெச்சிருக்கார்...’”

தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. நான் எழுந்து போனேன்.

அவளுடைய எழுத்து, வரிக்கு வரி. நர்ஸைக் காணோம். பக்கத்து பெட் அம்மாவைக் காணோம். மற்றபடி மல் துணி, நார், டீசல், அரை டேங்க், ஹார்ன் எல்லாம் அப்படியே. கூடவே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பூசணி சூப்பின் பளபளப்பான படம், மேலே ஒரு பச்சை இலை. வாய் புண்ணானவனுக்கு இலை எதற்கு? அந்தப் பக்கத்தின் பெயரைச் சொல்லி நான் விளம்பரம் கொடுக்கப்போவதில்லை. கரண்டி ராணி என்று வைத்துக்கொள்வோம். ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்பார்கள். இவள் நெய்யோடு நிறுத்தவில்லை, வீட்டுக்காரரையும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டாள்.

டீச்சர் எங்கள் முகத்தைப் பார்த்து பயந்துபோனார். தங்கச்சி ஒன்றுதான் கேட்டாள்.

“கீழ போங்க டீச்சர். அதுல அவர் எப்படி இருக்காராம்?”

“நல்லா தேறிட்டாராம்மா. நேத்து முழு டேங்க் குடிச்சாராம்.”

அவள் ரவிக்கையை வாங்கி, தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அன்று என் கடையில் யாருக்கும் ஒழுங்காக நகல் கிடைக்கவில்லை. உட்கார்ந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். நான் வக்கீல் இல்லை, எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். என்னென்ன சாமான், எவ்வளவு என்பதற்குப் பெரும்பாலும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. பூசணிக்காயைச் சுடுகிற யோசனையும் அப்படித்தான். ஆனால் அதை ஒருவர் தன் வார்த்தையில் எழுதினால், அந்த வார்த்தைகள் எழுதியவருக்குச் சொந்தம். செய்து பார்க்கலாம், மற்றவருக்குச் சொல்லலாம், தன் வார்த்தையில் எழுதலாம், யாரிடம் கற்றேன் என்று ஒரு வரி போட்டால் அது மரியாதை. அப்படியே அள்ளிக்கொண்டு போய்த் தன் பேரில் வைப்பதற்கு வேறு பெயர்.

இதை நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் தங்கச்சி சொன்னாள்: “பூசணிக்காய யார் வேணா சுடட்டும் அண்ணா. அந்த பக்கத்து பெட் அம்மா எனக்குச் சும்மாதானே சொன்னாங்க. அவர் பேசினத மட்டும் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. அவ்வளவுதான் எங்கிட்ட மிச்சம்.”

நாங்கள் மரியாதையாகத்தான் எழுதினோம். “சகோதரி, சமையல் குறிப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என் கணவரைப் பற்றிய வரிகளை எடுத்துவிடுங்கள்.” பதில் உடனே வந்தது. “சமையலுக்கு யாரும் சொந்தக்காரங்க கிடையாது சிஸ்டர். நல்லது நாலு பேருக்குப் போய்ச் சேரட்டுமே.” கூடவே ஒரு கும்பிடு. நான் விடவில்லை, இன்னும் இரண்டு தடவை எழுதினேன். கடைசியில் கரண்டி ராணி இறங்கிவந்து பதிவின் அடியில் இரண்டே வார்த்தை சேர்த்தாள்: ‘நன்றி: இணையம்’. மேலே ‘எங்க வீட்டுக்காரர்’, கீழே ‘நன்றி: இணையம்’. புருஷனை இணையத்தில் எடுத்ததாக ஒருத்தி ஒப்புக்கொண்டதைக்கூட ஒருவரும் கவனிக்காமல் இதயம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று யாரோ அங்கே, “அண்ணன் இன்னிக்கு எத்தனை டேங்க்?” என்று கேட்டிருந்தார்கள். தங்கச்சி அதன் கீழே தானே எழுதினாள். எனக்குத் தெரியாமல் எழுதினாள். “இவர் என் வீட்டுக்காரர். அவர் இப்ப உயிரோட இல்ல.” இறந்ததை அவள் எழுத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை.

வந்து விழுந்தன பாருங்கள். “நல்லா இருக்கிற மனுஷனைச் சாகடிக்கிறியே, நீயெல்லாம் பொம்பளையா?” “அடுத்தவ குடும்பத்தைப் பாத்தா வயித்தெரிச்சல்.” “உன் வாய் அழுகிப்போகும்.” கட்டினவனின் வாய்ப்புண்ணைத் தினமும் பஞ்சால் துடைத்தவளைப் பார்த்து உன் வாய் அழுகும் என்கிறார்கள். அவள் என்னிடம் போனைக் காட்டும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“அவர் வாய் எப்படி இருந்துச்சுன்னு இவங்களுக்குத் தெரியாதுல்ல அண்ணா.”

“இவங்களுக்கு நான் பதில் எழுதுறேன், குடு” என்று போனைப் பிடுங்கினேன். அப்போதுதான் பார்த்தேன். அவளைத் திட்டியவர்களில் ஒருவர், “அண்ணன் நூறு வருஷம் நல்லா இருப்பார், நீ பொறாமையிலயே சாவு” என்று எழுதியிருந்தார். அதற்குத் தங்கச்சி இதயம் போட்டிருந்தாள்.  போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கரண்டி ராணி தங்கச்சி எழுதியதை அழித்து, அவளால் அந்தப் பக்கத்தைப் பார்க்கவோ எழுதவோ முடியாமல் தடுத்தும் விட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்த இணையதளத்தை நடத்துகிறவர்களிடமே முறையாகப் புகார் கொடுத்தோம். பழைய பதிவையும் புதிய பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். ‘இந்த வார்த்தைகள் எப்படி உங்களுடையவை என்று விளக்கவும்’ என்று ஒரு கேள்வி இருந்தது. “என்னம்மா போடட்டும்?” என்றேன். “அவர் சொன்னார், நான் எழுதினேன்னு போடுங்க” என்றாள். அதற்கு மேல் எந்த வக்கீலும் எழுத முடியாது. அப்படியே போட்டேன்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். ஆரம்பத்தில் தினமும், “ஏதாவது வந்துச்சா அண்ணா?” என்று கேட்டவள், கேட்பதை நிறுத்திவிட்டாள். மதியம் சாப்பிடும்போது டீச்சர் போனை இரவல் வாங்கிப் பார்ப்பாள். டீச்சரும் அந்த நேரத்துக்கு வந்துவிடுவார். எதற்கு என்று எனக்குத் தெரியும். திட்ட வாயெடுத்து, திட்டாமல் விட்டேன்.

ஒரு காலை என் போனில் தகவல் வந்தது. பதிவை நீக்கிவிட்டார்கள். கருத்துகள், இதயங்கள், திட்டுகள் எல்லாம் சேர்ந்து போய்விட்டன. ஜெயித்துவிட்டோம் என்று நான் தடுப்பைத் தட்டிச் சொன்னேன்.  எட்டிப் பார்த்தால், மெஷினில் நூல் கோக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“அதுல அவருக்குப் புண்ணெல்லாம் ஆறிடுச்சு அண்ணா” என்றாள். “நேத்து வாழைப்பழம் சாப்பிட்டாராம். அடுத்த வாரம் வண்டி எடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாராம்.”

 நியாயம் எங்கள் பக்கம்தான். அந்த நியாயத்தை வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். ஆனால் அன்று நான் ஒரு மனிதரை இரண்டாவது தடவை சுடுகாட்டுக்குத் தூக்கியவனைப் போலத்தான் வீட்டுக்குப் போனேன்.

கரண்டி ராணியும் எழுதினாள். வசவு வரும் என்று திறந்தால், வேறு மாதிரி இருந்தது. “முதல் நாள் யாரோ அண்ணன் எப்படி இருக்கார்னு கேட்டாங்க. என் வீட்டுக்காரர் நல்லாத்தானே இருந்தார், நல்லா இருக்கார்னு சொன்னேன். தினமும் கேக்க ஆரம்பிச்சாங்க. எங்க நிறுத்துறதுன்னு தெரியல. நீங்க எழுதினப்பகூட, உங்களுக்கு நிஜமாவே அப்படி ஆகியிருக்கும்னு நான் நினைக்கவே இல்ல. மன்னிச்சிடுங்க.” மன்னிப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை, இன்னும் வரவில்லை. தங்கச்சி, “சரி” என்று ஒரு வார்த்தை அனுப்பச் சொன்னாள்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நீக்கப்பட்ட பதிவைத் தேடி ஒரு பெண் அலைந்திருக்கிறாள். அலைந்து அலைந்து, பழைய சமையல் குழுவில் தங்கச்சியின் முதல் பதிவைக் கண்டுபிடித்து எழுதினாள். அவள் அப்பாவுக்கும் தொண்டையில் அதே வியாதி, அதே கரண்டு. “அக்கா, நீங்கதான் நிஜமா எழுதினவங்கன்னு இப்பதான் புரிஞ்சுது. அண்ணன் குடிச்சார்னு சொல்லித்தான் அப்பாவைக் குடிக்க வைக்கிறேன். அந்த டிரைவர் எவ்வளவுன்னு கேட்டுட்டுத்தான் வாயைத் திறக்கிறார். அந்தப் பதிவு போனதுலேருந்து ரெண்டு நாளா சரியா சாப்பிடல. அண்ணன் இன்னிக்கு எத்தனை டேங்க் அக்கா?”

தங்கச்சி அதை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒற்றை விரலால் தட்டினாள்: “கால் டேங்க். ஆனா ஹார்ன் அடிச்சார்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னம்மா இது? அவ பண்ணினதயே நீயும் பண்றியே! மாமியார் உடைச்சா மண்குடமா?”

“அவ எடுத்தா அண்ணா. நான் குடுக்கிறேன்.” போனை என் பக்கம் திருப்பினாள். குழுவில் பல மாதங்களுக்கு முன் அவள் எழுதிய பதில்கள், தேதி வரிசையாக. முதல் நாள் அரை டேங்க், அதைத்தான் பதிவிலேயே எழுதிவிட்டாள். அதற்கு அடுத்த நாள் கால் டேங்க், ஹார்ன். “இதுல ஒண்ணும் பொய் இல்ல. அன்னிக்கு அவர் இவ்வளவுதான் குடிச்சார். நாள்தான் வேற.”

அப்படியே தினமும் ஒரு நாளை எடுத்துக் கொடுத்தாள். கோபமாக இருந்த நாளையும் கொடுத்தாள், “பெரியவர் கோவப்பட்டா விட்டுடுங்க, அடுத்த வேளை கேப்பார்” என்று சேர்த்து. கட்டை விரல் காட்டிய நாளை எழுதியபோது, அந்தப் பெரியவரும் கட்டை விரலைக் காட்டினார் என்று மகள் எழுதினாள். தங்கச்சி லேசாகச் சிரித்தாள். கணவர் போன பிறகு அவள் பற்களை நான் பார்த்தது அன்றுதான்.

ஆனால் வரிசை கீழே போய்க்கொண்டே இருந்தது. ஒரு மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் சொன்னாள்: “இன்னும் கொஞ்சம் நாள்தான் அண்ணா மிச்சம் இருக்கு. அது தீர்ந்துட்டா அந்தப் பெரியவருக்கு எதக் குடுக்கிறது?” நானாக இருந்தால் மறுபடியும் மேலேயிருந்து ஆரம்பித்திருப்பேன், என் தொழில் அது. அவளிடம் அதைச் சொல்லத் துணிவில்லை. 

முக்கால் டேங்க் நாள் போனது. பேச்சு நின்றுபோன நாட்கள் போயின. கடைசி அரை டேங்க் மட்டும் பாக்கி. அதை அவள் அனுப்பாமல் ஒரு நாள் முழுக்க வைத்திருந்தாள். சாயங்காலம் கடை மூடும் முன்பு அனுப்பினாள்.

மறுநாள் போன் அடித்தது. அவள் கை ஒரு பேண்ட்டின் கால் மடிப்பில் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். மகளின் குரல், சந்தோஷத்தில் தடுமாறியது. கரண்டெல்லாம் முடிந்துவிட்டது, டாக்டர் இனிமேல் பயமில்லை என்று சொல்லிவிட்டார், அப்பாவுக்குப் பேச்சு வந்துவிட்டது, பேச வேண்டும் என்கிறார். பிறகு பழைய ரேடியோவைப் போலக் கரகரத்த ஒரு குரல்.

“அம்மா, நான்தான். உங்க டீசல் குடிச்சவன்.”

“சொல்லுங்க ஐயா. குரல் வந்துடுச்சா?”

“வந்துடுச்சும்மா, இன்னும் சுருதி சேரல. முதல்ல அவர்கிட்டதான் பேசுவேன்னு பொண்ணுகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். எனக்கு முன்னாடி போன வண்டிம்மா அவர். அந்த வண்டியோட பின்லைட்டப் பாத்துக்கிட்டேதான் நான் இருட்டுல ஓட்டினேன். கொஞ்சம் அவர்கிட்ட குடுங்களேன்.”

தங்கச்சி என்னைப் பார்த்தாள். பொய் சொல்கிறாள் என்று அவளிடம் சண்டை போட்ட நானே, தலையைக் கையில் சாய்த்து, தூங்குகிறார் என்று சொல் என்று ஜாடை காட்டினேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“ஐயா, அவர் செத்துட்டார்.”

அந்த வார்த்தையை அவள் வாயால் நான் அன்றுதான் கேட்டேன்.

“எப்பம்மா?”

“நீங்க குடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஐயா.”

போனில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. மகள் பின்னால் ஏதோ கேட்டாள்.

“அப்ப, நேத்து அந்த அரை டேங்க்?”

“அது அவர் குடிச்சதுதான் ஐயா. கடைசியா குடிச்சது.”

 கோபப்பட்டு வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை.

“அம்மா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க ஐயா.”

“எங்க வீட்டுல இப்ப சோத்தயே டீசல்னுதான் சொல்றோம். எம்பேத்தி வரைக்கும் அப்படித்தான் கேக்குது. அது அவர் வார்த்தையாச்சே. நாங்க வெச்சுக்கலாமா?”

அவள் பேண்ட்டை இரண்டு கையாலும் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் செத்த அன்று அழாதவள். டீச்சர் போனைப் பார்த்த அன்று அழாதவள். வாய் அழுகிப்போகும் என்று படித்தபோது அழாதவள். தடுப்பு நடுங்குகிற மாதிரி அழுதாள். நான் போனை எடுத்து, “ஐயா, லைன்லயே இருங்க” என்றேன். அவர் இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனுக்குக் கையை நீட்டினாள்.

“ஐயா, எத்தனையோ பேர் எடுத்துக்கிட்டாங்க. யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நீங்க கேட்டீங்க. வெச்சுக்குங்க.”